எண் முப்பத்தேழு பேசுகிறேன்

"இன்னிக்கு எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் உட்காருவே?" என்று கேட்டான் கணவன், ஷூ லேஸைக் கட்டியபடியே.

தொடர்ந்து நான்காவது நாளாக அதே கேள்வி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவளுடைய வேலை நேரத்தை ஒரு தடவைகூட விசாரிக்காத மனிதன்.

"பத்திலேர்ந்து ரெண்டு. ஏன், எனக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிறீங்களா?"

"சும்மாதான் கேட்டேன்" என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினான்.

சும்மாவாம்! அந்த நாலு மணி நேரமும் அவள் காதில் ஹெட்போன் இருக்கும். யாருக்கும் போன் பண்ண முடியாது, வெளியே எட்டிப் பார்க்கக்கூட முடியாது. அதைத் தெரிந்துகொண்டு இவனுக்கு என்ன ஆகவேண்டும்?

நேற்று அவன் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டாள். மூன்று நாளும் ஒரே நம்பர், அதுவும் சரியாக அவள் வேலை நேரத்தில். பெயர் போட்டு வைக்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தமிழ் ஆட்கள் என்பதால், இந்த வெளிநாட்டு ஊரின் மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. அப்படியானால் அந்த நம்பர்காரியும் தமிழ்க்காரிதான்! சாயங்காலம் வீடு திரும்பும்போது மாடிப்படித் திருப்பத்தில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தானே மேலே வருகிறான்? அங்கே நின்று யாரோடு பேசி முடிக்கிறான்?

பொருமிக்கொண்டே வேலைக்கு உட்கார்ந்தாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வந்து இறங்கியபோது, இந்த ஊரில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க ஆளில்லை. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் ஆள் எடுக்க எடுக்க, பின்னாலேயே குடும்பங்களும் வந்து சேர்ந்தன. இப்போது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் என்று எங்கிருந்தாவது போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுத்து வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்த்துச் சொல்ல, அவளையும் சேர்த்துத் தமிழுக்கு இருப்பது மூன்றே பெண்கள்.

முதல் அழைப்பு வருமுன் அந்த மூவரில் மூத்தவள் லைனில் வந்தாள். "என்னடி, குரலே சரியில்ல?"

"என் வீட்டுக்காரர் போக்கு சரியில்லக்கா."

"ஆம்பளைங்க போக்கு எப்போ சரியா இருந்துச்சு? என் கூத்தைக் கேளு. மூணு நாளா ஒரு ஆளு, என் குரலைக் கேட்டதும் டக்குனு வச்சிடறான். என் குரல் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"காலங்காத்தாலே என்னை உண்மை பேச வைக்காதீங்கக்கா."

"கொழுப்புடி உனக்கு! கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேலையைப் பாரு."

துடைத்துக்கொண்டாள். வீட்டில் விரலில் கீறல் பட்டாலே ஊரைக் கூட்டி அழுகிறவள்தான். ஆனால் இந்த வேலையில் குரல் நடுங்கக் கூடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எத்தனையோ சாவுச் செய்திகளைக்கூட அப்படிக் கல்லாக உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். "அந்த நாற்காலியில உட்கார்ந்தா மட்டும் நீ வேற பொம்பளை" என்று கணவனே கேலி செய்வான்.

பன்னிரண்டு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது.

"எண் முப்பத்தேழு பேசுகிறேன்" என்று, வழக்கம்போல் பெயருக்குப் பதில் தன் எண்ணைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சேர்க்கும் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ். கூடவே இன்னொரு குரல், மெதுவாக, "வணக்கம்" என்றது.

பதினோரு வருஷமாகக் கேட்கிற குரல்.

ஆஸ்பத்திரியா? எவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறான்? தெரிந்தவர் லைனில் வந்தால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விலகினால் குட்டு உடையாமலே போய்விடும். அவள் விலகவில்லை.

நர்ஸ் கேட்டதைத் தமிழில் கேட்டாள். "யாரைச் சேர்க்கணும்?"

"என்னைத்தான். இதயத்துல வால்வு பழுதாம். செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன். மாடி ஏறினாலே மூச்சு வாங்குது, பாதியில நின்னுதான் ஏற வேண்டியிருக்கு."

மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். என்னைத்தான், என் இதயத்தில்தான் பழுது என்று ஊர் மொழியில் சொன்னாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. குரல் நடுங்கவில்லை. கன்னத்தில் வழிந்தது மட்டும் நர்ஸுக்குத் தெரியவில்லை.

நர்ஸ் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். அதையும் அப்படியே தமிழில் சொன்னாள்.

"கூட இருந்து பார்த்துக்க ஆள் வேணும். உங்க மனைவிக்கு விஷயம் தெரியுமா?"

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அந்த நாற்காலியில இருக்கறப்போ நீ லைன்ல வரணும்னுதாம்மா நாலு நாளா அடிச்சுக்கிட்டு இருக்கேன்."