தொப்பி தெரிந்தால் போச்சு

தால்சுவுக்கு இரண்டு கண்ணும் இரண்டு வேலை பார்க்கும். ஒன்று டயரைப் பார்க்கும், இன்னொன்று கேமராவைப் பார்க்கும்.

பிழைப்பு அப்படி. ஏற்கெனவே இரண்டு முறை மாட்டிக்கொண்டவன். "இன்னொரு தடவை இங்கே வந்தே, மூணு வருஷம் உள்ளதான்" என்று நீதிபதி சொல்லியே அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து கறுப்புத் தொப்பியும் கறுப்பு மாஸ்க்கும் இல்லாமல் அவன் வேலைக்கு வருவதில்லை.

சியோலிலிருந்து காங்னுங் போகும் நெடுஞ்சாலையில், வண்டிகள் நின்று இளைப்பாறும் இடம் அது. வறுத்த உருளைக்கிழங்கு, வால்நட் கேக், பஸ் மாறும் நிறுத்தம் எல்லாம் உண்டு. எங்கே திரும்பினாலும் கேமரா. கோடியில் பைன் மரத்துக்குப் பின்னால் நாலு கார் நிற்கிற அளவு இடம் மட்டும் எந்தக் கேமராவிலும் விழாது. ஒரு மாதம் நாயாய் அலைந்து கண்டுபிடித்திருந்தான். பின்பக்க வேலி வழியாக நடந்து வருவான். அங்கே நிற்கும் காரில் மட்டும்தான் கை வைப்பான்.

அன்று மதியம் ஒரு வெள்ளைக் கார் அங்கே வந்து நின்றது. நாலு டயரையும் பார்த்ததுமே தால்சுவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அத்தனை புதுசு! பட்டப்பகலில் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்த நாற்பது வயதுப் பெண் அதை அணைக்கப்போய் வைப்பரைப் போட்டாள். வைப்பரை நிறுத்தப்போய் ஹாரனை அடித்தாள். கடைசியில் எஞ்சினையே அணைத்துவிட்டு, தொப்பியையும் மாஸ்க்கையும் கழற்றித் தலையை வாரிக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிடப் போனாள்.

'புருஷன் காரை எடுத்துட்டுக் கிளம்பிருச்சு, மகராசி!' என்று சிரித்துக்கொண்டான் தால்சு.

அவள் தலை மறைந்ததும் இடது பின் டயரின் காற்று மூடியைத் திருகி, உள்ளே இருந்த ஊசியை அழுத்தினான். புஸ்ஸ்ஸ்.

அவள் திரும்பி வந்து காரைக் கிளப்பியதும் டிங் டிங் என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. தால்சு தற்செயலாக வருவதுபோல் வந்தான்.

"என்ன மேடம், காத்து இறங்கிடுச்சா? நல்ல வேளை, நான் வந்தேன். அடுத்த ஊர்ல டயர் கடை வெச்சிருக்கேன்."

"ஐயையோ முதலாளி, இது ஆச்சரியக்குறி போட்டு எரியுதே! வெடிச்சிடுமா?"

"பிரஷர் குறைஞ்சா அப்படித்தான் கத்தும். இது புத்திசாலிக் கார் மேடம். இந்தத் திருகை 'ஆட்டோ'வுல வெச்சுட்டா இருட்டினதும் லைட்டைக்கூட தானே போட்டுக்கும். உங்க கார்தானே, இதுகூடத் தெரியாதா?"

"என் வீட்டுக்காரர் தொட விட்டாத்தானே தெரியும்!"

தால்சு பையிலிருந்து நூறு வொன் காசை எடுத்தான். அந்தக் காசில் இருக்கும் தளபதியை டயர் பள்ளத்தில் தலைகீழாகச் செருகினால் அவர் தொப்பி மறைய வேண்டும். தெரிந்தால் டயர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நடுப் பள்ளத்தில்தான் செருக வேண்டும் என்பது பல பேருக்குத் தெரியாது. தால்சு ஓரத்துக் கீறலில் செருகினான். தளபதி தொப்பியோடு ஜம்மென்று நின்றார்.

"பாத்தீங்களா? நாலும் மொட்டை. முன்னாடி மலைச் சுரங்கம் வேற இருக்கு. நான் சொல்றதைச் சொல்லிட்டேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். "இன்னிக்கு மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். லேட்டாப் போனா மாமியார் சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. முதலாளி, நான் பஸ்ல போயிடறேன். சாவியை வெச்சுக்குங்க. நாலையும் மாத்துங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்."

தால்சுவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த நாலையும் கழற்றிக்கொண்டு, கொட்டகையில் கிடக்கும் நாலு கிழட்டு டயரை மாட்டினால் தீர்ந்தது! அந்த மகிழ்ச்சியில் டிக்கியிலிருந்த பையைக்கூட அவனே தூக்கினான்.

"என்ன மேடம், இந்தக் கனம் கனக்குது, உள்ள கல்லா?"

"அரிசி கேக். மாமனாருக்கு உயிர்."

பைன் மரம் வரை சுமந்தான். அதற்குமேல் கேமரா. "முட்டி வலி மேடம், இனி நீங்களே தூக்கிக்குங்க" என்று நின்றுவிட்டான். அவள் இரண்டு முறை இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னாள். என்ன மரியாதை, என்ன பணிவு!

டயருக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்பினான். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஹெட்லைட் தானாக எரிந்தது. "சமத்து!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தான். வெளியே வந்ததும் விளக்கு தானாக அணைந்தது. எதிரே மூன்று போலீஸ் கார்கள் குறுக்கே நின்றன.

"காலையில திருடுபோன கார். பத்து மணிக்கு இதே கார்ல வந்து வொன்ஜு ஊர்ல நகைக்கடையில கொள்ளை. ஒரே ஆள், கறுப்புத் தொப்பி, கறுப்பு மாஸ்க்" என்று கையிலிருந்த தாளைப் படித்த இன்ஸ்பெக்டர், அவனை மேலும் கீழும் பார்த்தார். "தங்கம் எங்கேடா?"

"ஐயோ, நான் இல்ல சார்! ஒரு பொம்பளை! பஸ்ல போயிட்டா! நான் காலையிலேருந்து அந்த ரெஸ்ட் ஏரியாவுலதான் இருக்கேன். டயர் காத்தை இறக்கினதே நான்தான் சார், சத்தியமா! கேமராவைப் போட்டுப் பாருங்க!"

பன்னிரண்டு வருடத் தொழிலில் முதல் முறையாகத் தால்சு, கேமராவில் விழுந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினான்.

அரை மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். "எல்லாத்தையும் பாத்தாச்சு. கார் உள்ள வரும்போதும் தொப்பி, மாஸ்க். வெளிய போகும்போதும் தொப்பி, மாஸ்க். நடுவுல எதுவும் விழல. பைன் மரத்துக்குப் பின்னாடி ஒரு இடம் மட்டும் கேமராவுல தெரியாதாம்."

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவளும் ஒரு மாதம் அலைந்திருப்பாள் போலிருக்கிறது.