குறையில்லாத கார்

காரில் ஒரு குறையும் இல்லை. ஓட்மார் மோஸரின் தலைவலியே அதுதான்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆள், பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதே வாசலில் வந்து நின்றுவிட்டார். பெயர் நாகெல். கையில் அட்டை, அட்டையில் கவ்விய காகிதங்கள்.

"ஹெர் மோஸர்தானே?" என்று மரியாதை போட்டுக் கேட்டார். "உங்க பொண்ணு சொல்லியிருப்பாங்க."

சொன்னாள், சொல்லாமல் என்ன! போன மாதம் கொட்டகைத் தூணில் காரின் பக்கக் கண்ணாடி லேசாக உரசியதிலிருந்து மகள் சில்கேயின் வாய் ஓயவில்லை. "எழுபத்தொன்பது வயசாச்சுப்பா. ஓட்டுநர் சங்கத்துல பெரியவங்களுக்கு ஒரு சோதனை வச்சிருக்காங்க. போய்ட்டு வாங்க, அவங்க சரின்னுட்டா நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன்" என்றாள்.

"அம்பத்தாறு வருஷமா ஓட்டறேன், எனக்கே பரீட்சையா? போடி!" என்று ஓட்மார் கத்தினார். அடுத்த வாரமே, காரை விற்க விளம்பரம் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை ஆள் வருகிறது என்றாள். காப்பீட்டுக் கட்டணம் குறையட்டும் என்று காரை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்த புத்திசாலி அவரேதான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கார் போனால் ஹெட்விக்கும் போன மாதிரிதான். பக்கவாதம் வந்த மனைவி இருக்கும் பராமரிப்பு இல்லம் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி, மலைமேல். பேருந்து காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது.

தினமும் மூன்று மணிக்கு ஓட்மார் பிளம் கேக்கோடு போய் இறங்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதமானாலும் ஹெட்விக் ஜன்னலை விட்டு நகரமாட்டாள், நர்சுகளைத் திட்டித் தீர்த்துவிடுவாள். இந்தக் காரின் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொண்டு திறக்கும். அவளுடைய சக்கர நாற்காலி அலுங்காமல் உள்ளே போகும். ஞாயிறுதோறும் இருவரும் ஏரிக்கரைக்குப் போவது அப்படித்தான்.

இல்லாத பழுதைச் சொல்லி விரட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சர்வீஸ் புத்தகத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரு முத்திரைகூட விடுபடவில்லை. ஒழுங்காக வைத்திருந்தது குற்றமா, கடவுளே!

நாகெல் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. பின்கதவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சரியான மண்ணு, இவனுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஓட்மாருக்கு உயிர் வந்தது.

"நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார் நாகெல்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. புத்தகம் சொல்லாத பழுதையெல்லாம் இனி ஸ்டீயரிங் சொல்லும்.

முதல் முனையிலேயே வலப்பக்கத்திலிருந்து ரொட்டிக்கடை வேன் வந்தது. வலது பக்கத்து வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். ஓட்மார் வேண்டுமென்றே மூன்று மீட்டர் தாண்டிப் போய்த்தான் நிறுத்தினார். வேன்காரன் நெற்றியில் விரலால் தட்டிக் காட்டி, புத்தி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனான்.

"பாத்தீங்களா? பிரேக் லேட்டாத்தான் பிடிக்குது."

நாகெல் ஏதோ எழுதினார்.

பள்ளிக்கூடத் தெருவில் காரை நடுக்கோட்டுக்கு மேல் விட்டார். "இடது பக்கமா இழுக்குது. ஒண்ணும் பண்ண முடியலை." நாகெல் மறுபடி எழுதினார்.

மருந்துக்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். ஓட்மார் பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, மூன்றாவது தடவையில் சக்கரத்தை நடைபாதைக் கல்மேல் 'டமார்' என்று ஏற்றினார். பாவம், கார் குலுங்கியது. அவருக்குத் தன் வயிற்றிலேயே இடித்தாற்போல் இருந்தது.

"பின்னாடி என்ன வருதுன்னே இதுல தெரியாது, ஹெர் நாகெல். வாங்கறவர் நீங்க, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

"போதும், வீட்டுக்குப் போகலாம்" என்றார் நாகெல். குரலில் கோபமே இல்லை. இந்த ஊரில் திட்டவில்லை என்றால் பாராட்டினதாக அர்த்தம். ஓட்மாருக்கு அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

வாசலில் சில்கே காத்திருந்தாள். நாகெல் காகிதத்தை அவளிடம் நீட்டினார். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது; அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓட்மாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே மேஜைமேல் கேக் தயாராக இருக்கிறது. மூன்று மணிக்கு ஹெட்விக்கிடம் இந்தக் கூத்தை நடித்தே காட்டிவிட வேண்டும்.

"சாவியைக் குடுங்கப்பா" என்றாள் சில்கே. அழுதுகொண்டிருந்தாள்.

"சாவி எதுக்குடி? அதான் வேண்டாம்னு எழுதிட்டாரே! ஓட்டைக் காரை எவன் வாங்குவான்?"

நாகெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கார்ல ஒரு குறையும் இல்லை, ஹெர் மோஸர். நான் சோதிக்க வந்தது உங்களைத்தான்."