நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து

"என்னை விட்டுடுங்க மேடம். நான் கையெழுத்துப் போடறதா இல்ல."

கணக்கு டீச்சர் படிவத்தை மேசைமேல் தள்ளிவிட்டு எழுந்தார். தலைமையாசிரியை அதை எடுத்து மறுபடி நீட்டினார். சுவர்க்கடிகாரம் மூன்று பத்து காட்டியது.

"என்னம்மா இப்படிச் சொல்றே? நாளன்னிக்கு நான் ரிட்டயர் ஆறேன். பொறுப்பை ஏத்துக்க ஒரு ஆள் பேரு நாலு மணிக்குள்ள கல்வி ஆபீசுக்குப் போகலேன்னா, பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. லாரி பறக்கற ரோட்டைத் தாண்டி நம்ம பொடிசுங்க அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். ஆனா கையெழுத்துப் போட்டு மட்டும் என்ன ஆகப்போவுது?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். காலையில் விளையாட்டு சாரும் இப்படித்தான், "ஓடி ஓடிக் களைச்சுப்போச்சு மேடம்" என்று கும்பிடு போட்டுவிட்டு நழுவினார். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்தார்.

பத்தொன்பது வருடமாக அவர் சொல்லாமல் இங்கே ஒரு துரும்பு அசைந்ததில்லை. சாக்பீஸ் அலமாரிச் சாவிகூட அவர் இடுப்பில்தான். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் "வெச்சுட்டுப் போங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார்.

அன்றைக்கே தீர்க்க வேண்டாத காகிதம் என்றால் மேல்வரியைத் தாண்டிப் படிக்க மாட்டார். சிவப்பு மையில் 'பிறகு' என்று எழுதி மேசையின் கடைசி இழுப்பறையில் திணித்துவிடுவார். ஆசிரியர்கள் அதற்குக் கிணறு என்று பேர் வைத்திருந்தார்கள்.

கையிலிருந்த படிவத்தைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக வந்தது. அடுத்த தலைமைக்கு ஆள் தயார் செய்யுங்கள் என்று மூன்று வருடத்துக்கு முன்பே ஆபீசிலிருந்து ஐந்து படிவம் வந்து, ஆசிரியர் அறையில் வைக்கப்பட்டது. இன்று தேடினால் ஒன்றுதான் மிச்சம். மற்றதை மேசை துடைக்கக் கிழித்திருப்பார்கள். அவ்வளவுதான் இவர்களுக்கு அக்கறை.

அறிவியல் சார் தலையை நீட்டினார். "மேடம், சாக்பீஸ் தீந்துபோச்சு."

"சாக்பீஸ் கிடக்கட்டும் சார்! நீங்களாவது பொறுப்பை ஏத்துக்குங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"ஐயையோ, என்ன மேடம் நீங்க!" அவர் பதறிப்போய்ப் பின்வாங்கினார். "எனக்கும் ஒரு காலத்துல ஆசை இருந்துச்சு. விட்டுப்போச்சு. ஒரு டப்பா குடுங்க, கிளாஸ் காத்துக்கிட்டிருக்கு."

தலைமையாசிரியை சாவிக்கொத்தில் சரியான சாவியைத் தேடி அலமாரியைத் திறந்தார். மூன்று பேர் ஆயிற்று. டப்பாவை வாங்கிக்கொண்டு சார் அவர் முகத்தைப் பார்க்காமலே போனார்.

மூன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. ஆபீஸ் கிளார்க்.

"மேடம், பேரு இன்னும் வரலையே? படிவத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். நாலடிச்சா ஐயா கோப்பை மூடிடுவார், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

"வந்துடும்ங்க... இதோ வந்துடும்."

ஜன்னலுக்கு வெளியே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டிக்குச் செருப்பு கழன்றுவிட்டது. அது குனிந்து மாட்டிக்கொள்ளும்வரை ரயில் நின்றது. அந்தப் பெரிய ரோட்டில் இவர்களுக்காக எந்த லாரி நிற்கும்?

மிச்சம் இருந்தது ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருத்திதான். சரியான வாயில்லாப்பூச்சி, பதினோரு வருடத்தில் ஒரு மீட்டிங்கிலும் வாய் திறந்ததில்லை. வேறு வழியில்லாமல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன்னைத்தான் நம்பியிருக்கேன்மா." அதற்குமேல் பேச முடியாமல் தலைமையாசிரியை தேம்பிவிட்டார். "எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. பத்தொன்பது வருஷம் ஒத்தை ஆளா இழுத்தேன். தோள் கொடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல பாரு."

"நான் ஏத்துக்கறேன் மேடம்" என்றாள் டீச்சர்.

"அம்மாடி, நீ நல்லா இருப்பே! போடு, போடு, முதல்ல கையெழுத்தைப் போடு!" பேனாவை மூடி கழற்றி நீட்டினார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

டீச்சர் பேனாவை வாங்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து, குனிந்து, கடைசி இழுப்பறையைப் பிடித்து இழுத்தாள். அது அடைத்துப்போயிருந்தது; காலை மேசையில் முட்டுக்கொடுத்து இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

"ஏய், இந்த நேரத்துல அங்க என்ன நோண்டறே?"

அவள் குவியலைக் கிளறி நாலு காகிதங்களை உருவி, தூசு தட்டி, மேசைமேல் வரிசையாக வைத்தாள். நாலும் அதே படிவம். கணக்கு டீச்சர், விளையாட்டு சார், அறிவியல் சார், இவள் என்று நாலு பேரும் ஒரு கட்டம் விடாமல் நிரப்பி, அடியில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். தேதியெல்லாம் மூன்று வருடப் பழசு.

நாலு படிவத்தின் தலையிலும் சிவப்பு மையில் 'பிறகு' என்றிருந்தது.

டீச்சர் தலைமையாசிரியை கையிலிருந்த பேனாவை மெதுவாக அவர் பக்கமே திருப்பிவிட்டாள்.

"உங்க கையெழுத்து ஒண்ணுதான் மேடம் பாக்கி."