பதினேழாம் அத்தியாயம்

ஆறு வருடம் மாய்ந்து மாய்ந்து ஒரு போர்த்துகீசிய நாவலை மொழிபெயர்த்த தணிகைநாதன், கதாநாயகி சாகும் பதினேழாம் அத்தியாயத்தை மட்டும் அச்சுக்கு அனுப்ப மறந்துவிட்டார். வெளியீட்டு விழா மேடையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அது தெரிந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று வியர்த்துக் கொட்டியது. பின்னட்டைக் கதைச்சுருக்கம்வரை படித்துவிட்டு வந்திருந்த மூன்று பேச்சாளர்களும், அவள் சாகும் பக்கங்களில் அழுதுவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணையே துடைத்துக்கொண்டார். அதன்பிறகு, யாராவது கேட்க மாட்டார்களா என்று தணிகைநாதனுக்கு ஏக்கமாகிவிட்டது. விழா முடிந்ததும், பக்கம் வடிவமைத்த பிலோமினாவைப் பிடித்தார்.

"நீயாவது கவனிச்சியாம்மா?"

"பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுன்னு இருந்துச்சு சார். நான்தான் நம்பரையெல்லாம் வரிசையா மாத்தினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"யாரும் படிக்கப்போறதில்லன்னுதான் சார் கேக்கல."