வினோதினி கேட்ட குதிரை

நான் பாலிமர் களிமண்ணில் செய்யும் குதிரைகளைப் பார்த்தால், அண்ணாமலையே இறங்கி வந்து என் வீட்டைச் சுற்றிக் கிரிவலம் போகும். வீட்டில் நான், மகன், மருமகள் வினோதினி என மூன்றே பேர். அதில் அவளுக்கு மட்டும் அவை குப்பை.

“கேக் செய்யற ஓவன்ல குதிரைய வேக வெக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது மாமா?”

அப்பேர்ப்பட்டவள் போன வாரம், “எனக்கு ஒரு குதிரை செஞ்சு தர்றீங்களா மாமா?” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடரியை இழை இழையாக ஒட்டினேன். ஓவனை அவளே சூடேற்றித் தந்தாள். வெந்து வந்த குதிரை கனைக்காததுதான் பாக்கி.

“ஷோகேஸ்ல நடுவுல வெய்ம்மா.”

“ஷோகேஸுக்கு இல்ல மாமா, எங்க ஊரு ஐயனாருக்கு. வேண்டினது நடந்தா குதிரை வெக்கறேன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நேர்ந்துக்கினேன்.”

“நடந்துடுச்சா? நான் தாத்தாவாகப் போறேனா?” வாயெல்லாம் பல்லாகக் கேட்டேன்.

“அது இல்ல மாமா. தனிக்குடித்தனம் போகத்தான் வேண்டிக்கினேன். வேங்கிக்கால்ல வீடு கிடைச்சிடுச்சு, அவரும் சரின்னுட்டாரு. ஓவன் இங்கியே இருக்கட்டும். இனிமே எத்தினி குதிரை வேணா வேக வெச்சுக்குங்க.”