கிளாரியின் தாடை

"உன் தாடையை ஒடைக்காம இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன்டா, கிளாரி!"

கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தியவர் மிக் டியர்னி. அறுபதை நெருங்கிய மனிதர். தொப்பியைக் கழற்றிச் செம்புழுதியில் வீசினார்.

லாங்ரீச் கண்காட்சித் திடலில், குத்துச்சண்டைக் கூடாரத்தின் முன்னால் பலகை மேடையில், பட்டு அங்கியோடு நின்றிருந்தான் கிளாரி. வாலிபம் முழுக்க டியர்னியின் ஒட்டுப்போட்ட கூடாரத்தில் சண்டை போட்டவன். இந்த வருடம்தான் அவரை உதறிவிட்டு, இந்தக் கூடாரத்தின் முதலாளி விக் ஹார்க்னஸிடம் சேர்ந்திருந்தான்.

"என்ன மொதலாளி, டப்பா மாட்டுக்கறி தீந்து போச்சா? இங்க வேலை கேட்டு வந்தீங்களா?" என்றான் கிளாரி.

"நன்றி கெட்ட நாயே! கையை எப்படி மூடிக் குத்தணும்னே நான்தான்டா உனக்குக் காட்டிக் கொடுத்தேன்!"

பீர் புட்டிகளோடு நின்ற, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் ஓவென்று கத்தினார்கள். ஹார்க்னஸின் கண்கள் மின்னின. பகையைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். தகரக் குழலை வாயில் வைத்துக் கூவினான்.

"கேட்டுக்குங்க ஜனங்களே! பழைய மொதலாளியும், விட்டுட்டு ஓடிவந்த வேலைக்காரனும்! இந்தக் கெழவன்கிட்ட விழுந்தான்னா கிளாரி எனக்கு வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி வெளியே தூக்கிப் போட்டுடுவேன்!"

செய்வான். கூட்டத்திலிருந்து சவால் விட்டு மேடையேறியவனிடம் தோற்ற ஆளுக்கு அவன் கூடாரத்தில் இடம் இருந்ததில்லை.

மேடை ஓரத்தில் ஹார்க்னஸின் இன்னொரு சண்டைக்காரன் சிட் ஒற்றைக் கையால் முரசு அடித்தான். அவனுடைய வலது கை விரல்கள் துணியில் சுற்றிக் கிடந்தன. போன மாதம் வேறு கூடாரத்துக்கு நழுவப் பார்த்தவன் அவன். ஹார்க்னஸ் அந்தக் கையைக் கூடார முளையின் மேல் வைத்து, மரச்சுத்தியலை இறக்கியிருந்தான்.

உள்ளே வைக்கோலின் மேல் விரித்த கித்தான்தான் களம். முந்தின நாள் மழையில் நனைந்த கம்பளிகளைப் பின்பக்கக் கயிற்றில் எல்லோரும் காயப்போட்டிருந்தார்கள். கிளாரியின் படுக்கை மட்டும் சுருட்டி, வார் போட்டுக் கட்டியபடி கிடந்தது.

ஹார்க்னஸ் தானே மணியை அடித்தான். கண்ணை மூடிக்கொண்டாலும், குத்தில் பாசாங்கு இருந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறவன் அவன்.

இன்று பாசாங்கே இல்லை. முதல் சுற்றிலேயே கிளாரியின் கை கிழவரின் புருவத்தைக் கிழித்தது. இரத்தம் அவர் கண்ணை நிறைத்து, தாடியில் இறங்கியது.

இரண்டாம் சுற்றில் விலாவில் ஒரு குத்து. காய்ந்த கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். டியர்னி மண்டியிட்டார்.

"பெருசு, வீட்டுக்குப் போய்க் கோழிக்குத் தீனி போடு!" என்றான் ஒருவன்.

"விட்டுடுடா பாவி, செத்துடப் போறாரு!" என்று முன்வரிசையில் ஒரு பெண் அலறினாள்.

கிளாரி குனிந்தான். "இவ்வளவுதானா மொதலாளி? எந்திரிங்க!"

அவர் எழுந்தார். எழுந்ததற்கு இன்னும் இரண்டு குத்துகள் வாங்கினார். அவர் பின்னுக்குத் தள்ளாடிய இடமெல்லாம் கித்தானில் சிவப்புப் பூக்கள் விழுந்தன.

மூன்றாம் சுற்றில் அவருக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அக்கரையில் நிற்கும் ஒருவனைத் தேடுவதுபோல் அந்த ஒற்றைக் கண்ணால் கிளாரியைப் பார்த்தார். கிளாரி வலது கையை ஓங்கினான். அவர் உள்ளே புகுந்தார்.

கீழேயிருந்து வந்தது அந்தக் குத்து. இடது காதுக்குக் கீழே, தாடை முடியும் இடத்தில். கிளாரிக்கு அந்த இடம் எப்போதுமே பலவீனம் என்பது அவனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

ஒரு பல் பறந்து யாருடைய தொப்பியிலோ பட்டுத் தெறித்தது. காற்று நின்றுபோன காற்றாலை மாதிரி கிளாரி ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு முகம் குப்புற விழுந்தான்.

ஹார்க்னஸ் மெதுவாக எண்ணினான். எண்ணி முடித்து, பூட்ஸ் காலால் அவன் விலாவில் உதைத்தும் பார்த்தான். அசைவில்லை.

"ஏய் ஹார்க்னஸ், பேசாம கெழவனையே வேலைக்கு வெச்சுக்க!"

கூடாரமே சிரித்தது. ஹார்க்னஸின் கழுத்து நரம்பு புடைத்தது. கிளாரியின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்பக்கச் சேற்றில் எறிந்தான். சுருட்டிய படுக்கை அவன் நெஞ்சின் மேல் வந்து விழுந்தது.

"இனிமே என் கூடாரத்துப் பக்கம் உன் மூஞ்சியைப் பார்த்தேன், கொன்னுடுவேன்!"

கிளாரிக்கு நினைவு திரும்பியபோது, ஒரு பழைய லாரி கடகடவென்று வந்து அவன் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டியர்னி விலாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பூட்ஸ் கால்கள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்தபடியே, கிளாரி தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான். எல்லாம் மடங்கின.

கிழவர் அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றித் தூக்கினார். அவர் வாயிலிருந்து இரத்தம் அவன் முகத்தில் சொட்டியது.

"சொல்லியனுப்பி வரவெச்சவனே நீதானேடா, மொத ரவுண்டுலயே அந்தத் தாடையைக் காட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?"