திரையில் பாதி கறுப்பு

லேப்டாப் திரையின் வலது ஓரத்தில் கறுப்பு படர்ந்தபோது எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. திரையில் படம் காட்டும் மென்பொருள், கிராபிக்ஸ் டிரைவர்தான். விண்டோஸை விட்டு லினக்ஸ் போட்டவன் வீட்டில் பால் திரிந்தாலும் குற்றவாளி அதுதான்.

புத்தக அட்டை வரைவது என் பிழைப்பு. பழைய டிரைவரைப் போட்டேன், புதியதைப் போட்டேன். கறுப்பு நகர்ந்து நகர்ந்து பாதித் திரைக்கு வந்துவிட்டது.

"ஊர் உலகம் மாதிரி விண்டோஸ் போட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"சிப்பு செஞ்சவன் ஒழுங்கா டிரைவர் தரணும். நான் ஏன் மாறணும்?"

"அப்போ அதையே முறைச்சுக்கிட்டு இருங்க. என் மூஞ்சியப் பாத்து ஒரு வாரமாச்சு."

சிப்பு கம்பெனிக்குக் காரசாரமாக எழுதினேன். அதிசயமாகப் பதில் வந்தது. திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.

மகள் செல்போனில் எடுத்தாள்.

"போட்டோல கறுப்பே இல்லையேப்பா."

"நல்லாப் பாரு. பாதி தெரியல."

"நேர்லயும் இல்லப்பா. முழுசும் பளிச்சுனு இருக்கு."

சமையலறையிலிருந்து மனைவி வந்து எதிரே நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் பாதிதான் இருந்தது.

"என்னங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க?"

சின்ன வயதில் அடிபட்டு ஒரு கண்ணை இழந்தவன் நான். மிச்சமிருந்த ஒன்றை வைத்துத்தான் இத்தனை காலமும் வரைந்தேன்.

வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்த கம்பெனி, இந்த ஒரு தடவை மட்டும் தப்பு செய்திருக்கக் கூடாதா?

"ஒண்ணுமில்ல," என்றேன். "டிரைவர்தான்."